ஈர மணலின் உப்பலைக் கண்டுபிடிக்க ஒரு ஜார் போதும்

சிவில் டிப்ளமோ படிப்பவர்கள் சைட் பயிற்சிக்குப் போகும்போது 250 மி.லி. அளவு ஜார் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர மணலைக் குத்தாமல் 200 வரை நிரப்பித் தட்டில் கொட்டுங்கள். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் நன்றாகக் கிளறிப் படியவிடுங்கள். மணல் மட்டம் 160-க்கு இறங்கினால் உப்பல், அதாவது ஈரத்தால் கூடிய கொள்ளளவு, 25 சதவீதம் (200-ஐ 160-ஆல் வகுத்தால் 1.25).

ஈர மணலில் துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால் கொள்ளளவு கூடுகிறது. தண்ணீரில் முழுக்க மூழ்கினால் படலம் உடைந்து, மணல் உலர்ந்தபோது இருந்த அளவுக்கே வந்துவிடும். 1:1.5:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி கொள்ளளவில்) ஒரு மூட்டை சிமெண்டுக்கு 52.5 லிட்டர் மணல்; இந்த உப்பலுக்கு அது 65.6 லிட்டர். கூட்டாமல் விட்டால் மணல் குறைந்து, கான்கிரீட்டில் ஜல்லி தனியாகத் தெரியும், தேன்கூடு போல ஓட்டைகள் விழும். லோடு மாறினாலும் மழை பெய்தாலும் திரும்பச் சோதியுங்கள், முந்தைய அளவு செல்லாது.

எடை போட்டுக் கலக்கும் இடத்தில் இந்தத் திருத்தம் வேண்டாம்; அங்கே மணலில் உள்ள ஈரத்தின் எடையை மணலில் கூட்டி, கலவைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். ஜல்லிக்கும் இது பொருந்தாது.