முன்பணம் அனுப்பும் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்

இணையத்தில் கண்ட பழைய காருக்கு, நேரில் பார்க்காமலேயே முன்பணம் அனுப்ப வேண்டிய நிலை வந்தால், விற்பவரை வீடியோ அழைப்பில் பிடித்து, முன் இருக்கையின் சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை மெதுவாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரின் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழுவி, உலர்த்தி, வாசனையும் தெளித்துவிடலாம். ஆனால் கதவுத் தூணின் அடியில் சுருளுக்குள் சுற்றிக் கிடக்கும் பெல்ட்டின் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை என்பதால், சேற்றுநீர் ஏறிய பழுப்புக் கோடு அங்கே அப்படியே தங்கிவிடுகிறது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட சென்னையில் ஓடிய வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பெல்ட்டையே மாற்றியிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது பெல்ட்டின் அடியில் பெரும்பாலும் தைக்கப்பட்டிருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2014 மாடல் வண்டியில் 2016ஆம் ஆண்டின் பெல்ட் இருந்தால், வெள்ளமோ விபத்தோ, காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

வண்டியின் மேல் உள்ள கடனையும் இது காட்டாது. அதற்கு மத்திய அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் (mParivahan) பதிவெண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். அடமான விவரம் தென்பட்டால், கடன் கொடுத்த வங்கியின் தடையில்லாச் சான்றும், அடமானம் முடிந்ததைத் தெரிவிக்கும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் கைக்கு வரும்வரை, விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பணம் அனுப்பாதீர்கள்.