வாசல் ஏபியை விட்டு நகராத லேப்டாப்கள்

எங்கள் பயிற்சிக்கூடத்தில் வைஃபை பல நாளாக ஊர்ந்தது. வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) மூன்று இருந்தும் வாசலில் உள்ளதில் மட்டும் நெரிசல். மேடைப் பக்கம் கிட்டத்தட்ட காலி. சேனல் மாற்றினேன், பயனில்லை. மூன்றையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் லோட் பேலன்சிங் (நெரிசலான ஏபி புதுக் கருவிகளை மறுத்து மற்றதற்குத் தள்ளும் வசதி) போட்டதும் இன்னும் மோசம்: ‘இனி இடமில்லை’ என்னும் 17-ஆம் எண் நிராகரிப்பு வந்தும் பழைய லேப்டாப்கள் வாசல் ஏபியையே திரும்பத் திரும்பத் தட்டின.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஆட்கள் நுழையும்போதே கருவிகள் வாசல் ஏபியில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த ஏபி என்று முடிவு செய்வது கருவிதான். சிக்னல் போதுமானதாக இருக்கும்வரை அது நகராது. மேடையோரம் உட்கார்ந்தாலும் வாசல் சிக்னல் அதற்குப் போதும்.

லோட் பேலன்சிங்கை அணைத்தேன். மேடையோரம் அதன் சிக்னல் போதாமல் போகட்டும் என்று, வாசல் ஏபியின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பவரை 20 டிபிஎம்மிலிருந்து (சிக்னல் பவரின் அலகு) 11 ஆக்கினேன். ஏபி ஏற்கும் குறைந்தபட்ச இணைப்பு வேகத்தை 6-லிருந்து 24 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினேன். அடுத்த வகுப்பிலேயே கூட்டம் மூன்றுக்கும் பிரிந்தது. அப்பாடா!