மானிட்டரை டிவியாக்கப் போகிறீர்களா? முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரைத் தாராளமாக டிவியாக்கிக்கொள்ளலாம். ஆனால் இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் படம் வருமா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். இன்டர்நெட் வழியாகப் படம் காட்டும் ஃபயர் டிவி ஸ்டிக்கை மாட்டி, வைஃபை போட்டு, கிரிக்கெட் ஓட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது: மேட்ச் ஊமைப்படமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறைய மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது.

எச்டிஎம்ஐ வயரில் படத்தோடு சத்தமும் வந்துவிடும். அதை வெளியே எடுக்க மானிட்டரின் பின்பக்கம் ஹெட்போன் குத்தும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும். துளை இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், ஸ்டிக்கிலோ பாக்ஸிலோ ஆடியோ செட்டிங் டால்பி என்ற சரவுண்ட் முறையில் நிற்கலாம். பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்ற சாதாரண முறைக்கு மாற்றிப் பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரும் வேலை செய்யும்தான், ஆனால் சிலவற்றில் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் வசனம் வந்து சேரும். இன்னொன்று, ஸ்டிக்கின் ரிமோட்டில் வால்யூமை அமுக்கினால் மானிட்டர் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அதனால் வால்யூம் திருகு உள்ள ஸ்பீக்கரை வாங்கி, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

சில பழைய மானிட்டர்களில் எச்டிஎம்ஐ இருக்காது, விஜிஏ என்ற நீல நிறத் துளை மட்டும் இருக்கும். அதில் சத்தம் போகவே போகாது. இதற்குக் கன்வெர்ட்டர் வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது ஒன்று, விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறொன்று. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. நமக்கு வேண்டியது முதல் வகை. அதிலும் பக்கவாட்டில் ஆடியோ துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் சரியாக மாட்டியும் திரை கறுப்பாகவே இருந்தால், வயரைக் குறை சொல்ல வேண்டாம். திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க எச்டிசிபி என்றொரு பூட்டு இருக்கிறது. சில மலிவுக் கன்வெர்ட்டர்களும், எச்டிஎம்ஐக்கு முந்தைய டிவிஐ இணைப்பு உள்ள சில பழைய மானிட்டர்களும் அந்தப் பூட்டிடம் தோற்றுவிடும்.

செட்டாப் பாக்ஸ் கதை வேறு. எச்டி பாக்ஸ் என்றால் நேரே எச்டிஎம்ஐயில் மாட்டிவிடலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் மட்டும் உள்ள எஸ்டி பாக்ஸுக்கு ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். அதில் வருவது 720க்கு 576 புள்ளிப் படம்தான், ஃபுல் எச்டி மானிட்டரில் கொஞ்சம் கலங்கலாகவே தெரியும். எச்டி பாக்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. நம்மூர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். சில மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸை மட்டுமே ஏற்றுக்கொண்டு, மற்றதற்கு ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று கைவிரித்துவிடும். திரையே வராதபோது செட்டிங்கை எப்படி மாற்றுவது? பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு டிவிக்குப் போக வேண்டியதுதான். அங்கே மாட்டி ரெசல்யூஷனை மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். 1080i வேண்டாம், 720p வைத்துப் பாருங்கள்; பாக்ஸில் 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள்.

ஸ்டிக்குக்குக் கரண்டை மானிட்டரின் யுஎஸ்பியில் எடுக்காதீர்கள். கரண்ட் போதாமல் ஸ்டிக் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகலாம். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் குத்துங்கள்.

அப்புறம், எங்கே வைப்பது? 22 இஞ்ச் மானிட்டர் மூன்று, நான்கு அடியிலிருந்து பார்க்கச் செய்தது. ஹாலில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் செய்தி சேனலின் கீழ்வரியைப் படிக்க முடியாது. மலிவு மானிட்டர்களில் வரும் டிஎன் வகைத் திரை (பேனல்) என்றால் இன்னும் மோசம்; பாயில் படுத்துக்கொண்டு கீழிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்துவிடும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகை பேனலில் இந்தத் தொல்லை குறைவு.

கடைக்குப் போகும் முன் கணக்கும் போடுங்கள். ஸ்டிக், கன்வெர்ட்டர், ஸ்பீக்கர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமானால், இன்னும் கொஞ்சம் போட்டு 32 இஞ்ச் டிவியே வாங்கிவிடலாம். ஸ்பீக்கரும் ஸ்டிக்கும் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்குத்தான் இது லாபம். என் மானிட்டர் கடைசியில் சமையலறை அலமாரிக்குப் போய்விட்டது. அடுப்பிலிருந்து சரியாக நாலடி.