யூ இல்லாமல் க்யூ: ஸ்க்ராபிளில் சொல் தேடும் வழி

ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு ஸ்க்ராபிள். அதன் 100 கட்டைகளில் க்யூ (Q) ஒன்றுதான், யூ (U) நான்கு. ஆங்கிலச் சொற்களில் க்யூவை அடுத்துப் பெரும்பாலும் யூ வரும். யூ வரட்டும் என்று காத்திருந்தால் 10 புள்ளிக் கட்டை கடைசிவரை கையிலேயே தங்கிவிடும்.

முதலில் க்யூ, ஐ சேர்ந்த சொல் (QI). க்யூவில் தொடங்கும் ஈரெழுத்துச் சொல் இது மட்டுமே. பலகையில் இருக்கும் ஐ-க்கு நேர்மேலே மூன்று மடங்கு எழுத்துக் கட்டம் (அதில் வைக்கும் எழுத்தின் புள்ளி மும்மடங்காகும்) காலியாக இருந்தால் விடாதீர்கள். அதில் க்யூவை வைத்து, வலப்பக்கம் உங்கள் ஐ-யை வையுங்கள். க்யூவுக்கு 30, ஐ-க்கு 1 என்று கீழ்நோக்கி 31, குறுக்கே 31, மொத்தம் 62!

அடுத்து க்யூ-ஏ-டி (QAT), க்யூ-ஏ-ஐ-டி (QAID). தமிழில் இரண்டும் 'டி' என்றே ஒலித்தாலும் எழுத்துகளைக் கவனியுங்கள்: முதலாவது T-யில் முடியும், இரண்டாவது ('காயித்') டால்ஃபினின் D-யில் முடியும். தலாக் (TALAQ), நிக்காப் (NIQAB), ஃபக்கீர் (FAQIR) மூன்றும் நாம் பேச்சில் கேட்பவைதான். அரபுவழிச் சொற்களில் க்யூ யூ இல்லாமல் தனித்து நிற்கும், தேட வேண்டிய இடம் அதுதான்.

வீட்டில் பயிற்சிக்கு, குறியீடுகளால் தேடும் வசதியுள்ள இணைய அகராதியில் நட்சத்திரக்குறி, க்யூ, நட்சத்திரக்குறி என்று இடுங்கள். நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் நிற்கும். 'விலக்க வேண்டிய எழுத்து' பெட்டி இருந்து அதில் யூ இட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஆனால் அதில் ஈராக், கத்தார் போன்ற பெயர்களும் கலந்து வரும். இவை செல்லாது. எதிராளி ஆட்சேபித்தால் கட்டைகளைத் திரும்ப எடுக்க வேண்டும், முறையும் போய்விடும். ஆகவே கிடைத்த ஒவ்வொன்றையும் செல்லும் சொற்களைத் தரும் காலின்ஸ் ஸ்க்ராபிள் பட்டியலில் சரிபார்த்த பிறகே மனப்பாடம் செய்யுங்கள்.