போட்டோவ டிஸ்க்ல ரைட் பண்ணா ஃபெயில் ஆகுதா? மொதல்ல எங்க மாட்டுதுனு பாருங்க

தண்டையார்பேட்ட, ராயபுரம், வியாசர்பாடி பக்கம்லாம் நெறைய வீட்ல இன்னும் பழைய டெஸ்க்டாப் ஓடிட்டுதான் இருக்கு, அதுல டிவிடி ரைட்டரும் இருக்கு. கல்யாண போட்டோ, மஞ்சத்தண்ணி போட்டோ, கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்த போட்டோனு ஃபோன் நெறைய சேந்துடுது, அத ஒரு டிஸ்க்ல போட்டு ஊர்ல இருக்குற பெரியவங்களுக்கு குடுக்கலாம்னு உக்காந்தா பாதில எரர் வந்து நிக்கும். உடனே டிஸ்க் மட்டம்னு முடிவு பண்ணி தூக்கிப் போடாதீங்க. டிரைவ் டிஸ்க்கையே கண்டுக்கலையா, கண்டுக்கிட்டு எழுதும்போது பாதில நிக்குதா, எழுதி முடிச்சும் வேற எடத்துல ஓடலையா, இந்த மூணுல எதுன்னு பாருங்க. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

மொதல் வகைக்கு டிரே முன்னாடி இருக்குற லோகோவ படிங்க. வெறும் டிவிடி ரோம்னு இருந்தா அது படிக்க மட்டும்தான் செய்யும், எழுதவே எழுதாது. காம்போ டிரைவ்னு ஒண்ணு வந்துச்சு, அது சிடி எழுதும், டிவிடிய படிக்க மட்டும் செய்யும், அதுல வெத்து டிவிடி போட்டுட்டு எழுதக்கூடிய டிஸ்க்க போடுங்கனு கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப கேட்டா அதுல ஒண்ணும் தப்பு இல்ல. லோகோ சரியா இருந்தும் மை கம்ப்யூட்டர்ல டிரைவே காட்டலனா டிவைஸ் மேனேஜர் போய் அந்த டிரைவ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் தானா திரும்ப ஏத்திக்கும். அதுக்கும் வரலனா கேபினட்ட தொறந்து டேட்டா கேபிளும் பவர் கேபிளும் லூசா இருக்கானு பாக்கணும், கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டுதான்.

அளவு விஷயத்துல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. சிடில 700 எம்பி. டிவிடி கவர்ல 4.7 ஜிபினு போட்டிருக்கும், ஆனா விண்டோஸ் கணக்குல அது 4.38 ஜிபிக்கிட்டதான் வரும், கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024ஆ எண்ணுது, ஏமாத்து ஒண்ணும் இல்ல. ஒரு போட்டோ 5 எம்பினு வெச்சா சிடிக்கு 140, டிவிடிக்கு 850 வரைக்கும் தாராளமா போகும். நடுவுல வீடியோ ரெண்டு கலந்துட்டா கணக்கே மாறிடும், அதனால ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல சைஸ் பாத்துட்டு ஆரம்பிங்க. இன்னொண்ணு, விண்டோஸ் எழுதறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சி டிரைவ்ல தற்காலிகமா சேத்து வெச்சுக்கும். சி டிரைவ் ரொம்பி சிவப்பு கோடு காட்டுற கம்ப்யூட்டர்ல டிஸ்க் எவ்ளோ நல்லதா இருந்தாலும் நிக்கத்தான் செய்யும். எடத்த காலி பண்ணுங்க, இல்லனா டிரைவோட ப்ராப்பர்ட்டீஸ்ல ரெக்கார்டிங்ன்ற டேப்ல டி டிரைவ மாத்திக் குடுங்க.

இப்ப முக்கியமான எடம். வெத்து டிஸ்க்க போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேக்கும், லைக் எ யூஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ்வா, வித் எ சிடி டிவிடி ப்ளேயர்ரானு. மேல இருக்குதேனு அவசரத்துல மொதல்ல இருக்குறத அமுக்கிட்டு நெக்ஸ்ட் குடுத்துடுறாங்க, பாதி பிரச்சன அங்கதான் ஆரம்பிக்குது. மொதல் வகைல பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போட்டவொடனே எழுதிடும், பாக்க சுலபம், ஆனா எழுதி முடிச்சு செஷன க்ளோஸ் பண்ணாம, அதாவது எழுதினது முடிஞ்சுதுனு டிஸ்க்ல பதிய வெக்காம, வெளிய எடுத்தா வேற கம்ப்யூட்டர்ல காலியா காட்டும், டிவி கீழ இருக்குற டிவிடி ப்ளேயர்ல சுத்தமா ஓடாது. டிவிடி-ஆர் மாதிரி ஆர்னு போட்ட டிஸ்க்ல அழிச்சாலும் எடம் திரும்ப கெடைக்காது, ஆர்டபிள்யூல மட்டும்தான் அழிச்சு எழுதலாம். யாருக்காவது குடுக்கப் போற டிஸ்க்னா கண்ண மூடிட்டு ரெண்டாவதையே எடுங்க. அதுல ஃபைல இழுத்துப் போட்டா மட்டும் எழுதாது, டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி பர்ன் டு டிஸ்க் குடுக்கணும், அத மறந்துட்டு டிஸ்க்க வெளிய எடுத்துட்டு காலியா இருக்குன்றவங்க நெறைய. ஏற்கனவே மொதல் வகைல எழுதிட்டீங்கனா பயப்பட வேணாம், எழுதின அதே கம்ப்யூட்டர்ல போட்டு க்ளோஸ் செஷன் குடுத்துப் பாருங்க, மத்த கம்ப்யூட்டர்ல வர ஆரம்பிச்சுடும்.

பாதில நிக்குறதுக்கு அடுத்த காரணம் வேகம். டிவிடில 16 எக்ஸ்னு போட்டிருந்தாலும் பழைய ரைட்டர்ல 4 எக்ஸ் இல்ல 8 எக்ஸ் வெச்சு எழுதுங்க, 4 எக்ஸ்ல முழு டிஸ்க்குக்கு கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும், அந்த நேரத்துல யூட்யூப் ஓட்டாம இருங்க. கரண்ட் போய் வர்ற நேரத்துல யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, ஆர் டிஸ்க் பாதில நின்னா அந்த டிஸ்க் அவ்ளோதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட ஒட்டி இருக்குற வீடுகள்ல கன்டெய்னர் லாரி கெளப்புற தூசு கேபினட் உள்ள அடையா படிஞ்சிருக்கும், அது டிரைவ் லென்ஸ் மேலயும் ஒக்காரும். லென்ஸ் க்ளீனர் டிஸ்க் ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, பஞ்ச விட்டு லென்ஸ அழுத்தி தேய்க்காதீங்க.

நின்னு போன டிஸ்க்க எடுத்து ட்யூப் லைட்டுக்கு கீழ சாய்ச்சுப் பாருங்க. நடுவுல இருந்து வெளிய ஒரு வளையம் கொஞ்சம் கருத்த நெறத்துல தெரியும், அதுவரைக்கும்தான் எழுதியிருக்கு. வளையமே இல்லனா எழுதவே ஆரம்பிக்கல, டிரைவுக்கும் டிஸ்க்குக்கும் ஒத்து வரலனு அர்த்தம், வேற பிராண்ட் மாத்துங்க. ஒவ்வொரு டிஸ்க்லயும் வளையம் வெளி ஓரத்துக்கிட்ட வந்து நின்னா வேகத்த கொறச்சுப் பாருங்க, ஓரம்தான் டிஸ்க்ல மொதல்ல சொதப்புற எடம்.

எழுதி முடிச்சதும் அதே டிரைவ்ல தொறந்து பாத்துட்டு சரினு விடாதீங்க. பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டு, ஒரு போட்டோ இல்ல, மொதல்ல நாலு, நடுவுல நாலு, கடைசில நாலு தொறந்து பாருங்க. அதுக்கு அப்புறம்தான் ஃபோன்ல இருந்து அழிக்கணும், அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. வாட்ஸ்அப்ல வந்த போட்டோ ஏற்கனவே சுருங்கினது, எடுத்தவங்க ஃபோன்ல இருந்து கேபிள் போட்டு ஒரிஜினல வாங்குங்க. ஐஃபோன் போட்டோ ஹெச்இஐசி ஃபார்மேட்ல இருந்தா பழைய விண்டோஸ்லயும் டிவிடி ப்ளேயர்லயும் தொறக்காது, ஜேபிஜியா மாத்திட்டு எழுதுங்க. இனிமே எடுக்குறதுக்கு செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வெச்சுடுங்க.

டிஸ்க் மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, பால் பாயின்ட்ல அழுத்தி எழுதாதீங்க. சிடில டேட்டா இருக்குறது பளபளக்குற பக்கத்துல இல்ல, பேர் எழுதுற பக்கத்துக்கு ஒட்டினாப்ல, அங்க கீறல் விழுந்தா ஒண்ணும் பண்ண முடியாது. சிடி மார்க்கர்ல எழுதி, வெயில் படாம, ஜிப் கவர்ல போட்டு லாஃப்ட்ல வைங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் வீட்டுக்குள்ள வந்துச்சு, அந்த மாதிரி ஆனாலும் டிஸ்க்க காய விடாம நல்ல தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் வெளக்குற சோப்பு விட்டு அலசி, நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா மெத்துனு தொடைங்க, வட்டமா தேய்க்காதீங்க. பெரும்பாலும் படிக்கும். ஹார்ட் டிஸ்க்க அப்டி காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். இன்னொரு காப்பிய மாடி வீட்ல இருக்குற சொந்தக்காரங்ககிட்ட குடுத்து வைங்க.

ரெண்டு மூணு பிராண்ட் மாத்தி, வேகத்த கொறச்சு, லென்ஸ் க்ளீன் பண்ணியும் எழுதலனா டிரைவ்தான் போச்சு, லேசர் தேஞ்சிருக்கும். அத ரிப்பேருக்கு குடுக்காதீங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ல யூஎஸ்பில மாட்டுற டிவிடி ரைட்டர் கேளுங்க, லேப்டாப்புக்கும் ஆகும். மாட்டும்போது கேபினட் முன்னாடி இருக்குற போர்ட்ல மாட்டாம பின்னாடி மதர்போர்டு போர்ட்ல நேரா மாட்டுங்க, முன்னாடி மாட்டினா எழுதும்போது பவர் பத்தாம கட் ஆகும், அதுக்கும் எரர்தான் வரும், டிஸ்க்கும் வீணாகும்.