நாயோடு ஊர் மாறுமுன்: தில்லிக் குளிரா, சென்னைப் புழுக்கமா?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, மாற்றல் உத்தரவு வரும்போதும் பணி ஓய்வு நெருங்கும்போதும், இங்கேயே இருந்துவிடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வி எழுகிறது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், "இந்தக் குளிர் அதற்கு ஆகாது, தெற்கே போனால் நன்றாக இருக்கும்" என்றுதான் பலரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக மயூர் விஹாரில் நாய் வளர்த்துவரும் எனக்கு, இதைக் குளிரிலிருந்து தொடங்குவதே பிழை என்று தோன்றுகிறது. முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பிராணியின் உடல் வெப்பத்தை எப்படி வெளியேற்றுகிறது என்பதைத்தான்.

நாய்க்கு நம்மைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; பாதங்களின் அடியில் சிறிதளவு வியர்க்கும், அவ்வளவே. மற்றபடி வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. தில்லி வீடுகளின் ஜன்னலில் இருக்கும் ஏர் கூலரும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. மே மாதத்தின் உலர்ந்த காற்றில் அறையையே சில்லென்று ஆக்கும் கூலர், ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் ஈரக் காற்றை மட்டும் வீசும். ஆகவே, கூலர் நன்றாக வேலை செய்யும் இடத்தில் நாயின் நாக்கும் நன்றாக வேலை செய்யும் என்று கொள்ளலாம். கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வசதி நாய்க்குக் கிடைப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், எங்கள் லாப்ரடாரை மயிலாப்பூரில் உள்ள என் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் அழைத்துச் சென்றோம். அது கூடத்தின் ரெட் ஆக்சைடு தரையில் வயிற்றைப் பரப்பிப் படுக்கும். பத்து நிமிடத்தில் அந்த இடம் சூடேறிவிட, எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். அது எழுந்த இடத்தில் அதன் உருவமே ஈரமாகத் தரையில் பதிந்திருக்கும். பகல் முழுவதும் இப்படிக் கூடத்தை அது சுற்றி வந்தது.

எனவே, முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மாதம் உங்கள் பிராணிக்குக் கடினமானவை என்று குறியுங்கள். தில்லியைக் குளிர் ஊர் என்று மட்டும் எழுதினால் கணக்கு தவறிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சில இரவுகள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஆனால் மே, ஜூனில் பகல் 40 டிகிரியைத் தாண்டிச் சில நாள் 45ஐயும் தொடும். ஜூலை முதல் செப்டம்பர்வரை புழுக்கம். சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிர் என்ற பேச்சே இல்லை, ஆனால் உடல் ஆறுவதற்கான காலமும் மிகக் குறைவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரு இரண்டுக்கும் நடுவானது. வேலை இடம் கொடுக்குமானால், பெரும்பாலான நாய்களுக்கு மூன்றிலும் அதுவே நல்ல ஊர் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்து இனத்தையும் வயதையும் பாருங்கள். பக், புல்டாக், ஷிட்சு போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகலானது. இவற்றோடு கடலோர ஊருக்குக் குடிபோகிறவர்கள் இரவும் பகலும் ஏ.சி. ஓடும் ஓர் அறையை ஒதுக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்றவற்றுக்கு இந்த மூன்று ஊர்களிலும் கோடை கொடுமையே. மாறாக, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகியவை தெற்கு வெயிலுக்கென்றே அமைந்த ஒல்லியான, குட்டை ரோம நாய்கள். தில்லி ஆர்.கே. புரத்தில் நண்பர் ஒருவரின் சிப்பிப்பாறை, ஜனவரிக் காலையில் மொட்டை மாடியின் சிமெண்டுத் தரையில் முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய நாய்க்குத் தெற்கே திரும்புவது நிச்சயம் நன்மை. மூட்டு வலி உள்ள கிழ நாய்களைக் குளிர் வாட்டும். இதய, நுரையீரல் நோய் உள்ளவற்றுக்கு நவம்பர் மாதத் தில்லியின் புகை, குளிரைவிடக் கேடானது. சாதாரணப் பூனைகள் வெப்பத்தை நன்றாகவே தாங்கும். பெர்சியப் பூனைகளுக்கு அந்த வலு கிடையாது.

தில்லியிலேயே இருப்பது என்று முடிவானால், குளிரைச் சமாளிப்பது அத்தனை கடினமன்று. தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த கட்டில், மடித்துப் போட்ட பழைய ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை), குட்டை ரோம நாய்க்கு ஒரு ஸ்வெட்டர், வெயில் ஏறிய பிறகு நடை ஆகியவை போதும். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: மூடிய அறையில் கரி அங்கீட்டியை (குளிர்காயும் கணப்பை) ஏற்றாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறங்கும் மனிதரையும் நாயையும் சேர்த்தே கொல்லும். காரை எடுக்குமுன் பானெட்டைத் தட்டுங்கள். சூடு தேடி எஞ்சினருகே தெருப் பூனைகள் ஒண்டியிருக்கும்.

தெற்கே போவதானால், ஜனவரி அல்லது பிப்ரவரியில் போங்கள். உடல் மெல்லப் பழகிய பிறகு கோடை வரும். நடையை விடியலுக்கும் இரவுக்கும் மாற்றுங்கள்; புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே படக்கூடாது. தில்லிக் குளிரில் ஓரளவு அடங்கும் உண்ணி, சென்னையில் ஆண்டு முழுவதும் இருக்கும்; உண்ணிக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து என்பதால், உண்ணி மருந்தை ஒரு மாதம்கூடத் தவறவிடக் கூடாது. லாப்ரடார் போன்ற இரட்டை ரோம நாய்களை (மேல் ரோமத்துக்கு அடியில் மென்ரோமமும் உள்ளவற்றை) வெயிலுக்காக மழிக்காமல், தினமும் சீவி உதிர்ந்த ரோமத்தை எடுத்தால் போதும். விடாத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். நாயின் இயல்பு வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால், உடனே உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, அதன் பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைக்கும்.

பயணத்துக்கு ரயிலே என் தேர்வு. முதல் வகுப்பில் ஒரு கூபேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) முழுவதையும் நாமே பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசிச் சான்றையும் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றையும் கையில் வைத்திருங்கள். சென்னைக்குச் சுமார் 33 மணி நேரம் ஆகும் என்பதால், வண்டி அதிக நேரம் நிற்கும் நிலையங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்குமுன், புதிய ஊரின் கடினமான மாதத்தில் நாயைப் பத்து நாள் அங்கே வைத்துப் பாருங்கள். அது ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். நலமான நாய்க்கு அது 30க்குள் இருக்கும். எங்கள் லாப்ரடாருக்குத் தில்லியில் 20, 22 என்று இருந்த எண்ணிக்கை, அக்கா வீட்டில் மின்விசிறிக்கு அடியில், நள்ளிரவில், 38 ஆக இருந்தது. அதற்கு அப்போது ஒன்பது வயது. சென்னைக்குக் குடிபோகும் திட்டத்தை அந்த இரவிலேயே தள்ளிவைத்தோம். இன்னும் தில்லியில்தான் இருக்கிறோம்.