வைஃபை போர்டு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள்

திருவொற்றியூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே போய் "வைஃபை போர்டில் எது சீப்?" என்று கேட்பதுதான் முதல் தவறு. வைஃபை போர்டு என்பது நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும், வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு. அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை முடிவு பண்ணிவிட்டுப் போனால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்ம பக்கம் பலரும் யோசிக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம்: சம்ப் நிரம்பினால் போனுக்குத் தகவல் வரவேண்டும், மேல் டேங்க் நிரம்பினால் மோட்டர் நிற்க வேண்டும். இதற்கு இஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு அல்லது டி1 மினி தாராளம். அடுத்து வந்த சிப்பான இஎஸ்பி32-இல் இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் உண்மைதான். தண்ணீர் மட்டம் பார்க்க அவ்வளவு வேகம் எதற்கு?

ஒப்பிட வேண்டியது பின்களை, அதாவது சென்சார் ஒயர்களை மாட்டும் கால்களை. 8266-இல் அனலாக் பின், அதாவது கூடிக் குறையும் வோல்டேஜை அளக்கும் பின், ஒன்றே ஒன்றுதான். மண் ஈரம், வெளிச்சம் என்று இரண்டு அனலாக் சென்சார் வைத்தாலே இஎஸ்பி32-க்குப் போவது நல்லது. அதிலும் ஒரு பொறி உண்டு: அதன் அனலாக் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு குழு, வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களில்தான் சென்சாரை இணைக்க வேண்டும். அவற்றில் 34 முதல் 39 வரையுள்ளவை உள்ளீட்டுக்கு மட்டுமே, மோட்டரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலேவை அங்கே மாட்டினால் அசையாது.

ரிலே என்றதும் இன்னொன்று. நோட்எம்சியுவில் டி3, டி4, டி8 மூன்றும் போர்டு விழிக்கும் நேரத்தில் சிப் பார்த்துக்கொள்ளும் பின்கள். முதல் இரண்டில் வோல்டேஜ் உயர்ந்தும், டி8-இல் தாழ்ந்தும் இருந்தால்தான் புரோகிராம் கிளம்பும். இவற்றில் ரிலேவை மாட்டினால் மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடும், கரண்ட் போய் வந்த பிறகு போர்டு எழுந்திருக்காது. ரிலேவுக்கு டி1, டி2 போதுமே.

அடுத்தது வோல்டேஜ். இந்த போர்டுகள் எல்லாமே 3.3 வோல்ட் உலகம். ஒலியால் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டரால் அதைக் குறைக்காமல் நேராகக் கொடுத்துவிட்டு போர்டைத் திட்டுவதில் பயனில்லை.

இஎஸ்பி32 என்ற பெயரைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். இஎஸ்பி32-எஸ்2-இல் புளூடூத்தே கிடையாது. சி3, எஸ்3 இரண்டிலும் குறைந்த பவரில் ஓடும் பிஎல்இ வகை புளூடூத் மட்டும், புளூடூத் ஸ்பீக்கர் செய்ய ஆசைப்பட்டால் பழைய இஎஸ்பி32 தான் வேண்டும். 2022-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ டபிள்யூ, இந்த மாதிரி போர்டுகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தான் கற்க எனக்குப் பிடித்த போர்டு. இத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், ரௌட்டரில் 5 கிகா மட்டும் போட்டு வைத்திருந்தால் இணையாது.

பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால், சிப் தூங்கும்போது சில மைக்ரோஆம்ப் மட்டுமே எடுக்கும் என்ற டேட்டாஷீட் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். போர்டிலுள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர், பவர் எல்இடி, யுஎஸ்பி சிப் எல்லாம் சேர்ந்து மில்லிஆம்ப் கணக்கில் குடிக்கும்.

அப்புறம், காசிமேடு, ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் வைப்பவர்கள் கடல்காற்றை மறக்கக்கூடாது. மூடிய பெட்டியில் வையுங்கள், இரும்புப் பெட்டி மட்டும் வேண்டாம், சிக்னல் வெளியே வராது.

போர்டு செத்துவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிளில் எல்இடி எரியும், கம்ப்யூட்டருக்குத்தான் போர்டு தெரியாது.